வாங்கிய பாட்டு யாருடையது?

கல்முனையிலிருந்து மேற்கே சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால், வயல்களின் நடுவே வருவது சவளக்கடை. மாரியில் வெள்ளம் தாம்போதியை மேவிப் பாயும் நாட்களில் அவ்வழியே போய்வருவோர் படும் பாடு இப்பகுதியார் அனைவரும் அறிந்ததே. தமிழரும் முஸ்லிம்களும் வரம்புக்கு வரம்பு அயலவராய் வாழும் அவ்விடத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒரு குடும்பத்தின் தாயார் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். கட்டாரில் தொழில் புரியும் மூத்த மகன், தாயின் அடக்கத்துக்கு வந்தவன், 31ஆம் நாள் நினைவு முடியும் வரை தங்கியிருந்தான்.

நினைவு நாளன்று திருப்பலியும் மதிய உணவும் முடிந்தபின், முற்றத்துத் தறப்பாள் பந்தலில் ஒரு படக்காட்சி நடைபெற்றது. கல்முனையிலிருந்து புரஜெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, தாயாரின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டான். பள்ளிச் சீருடையில் நின்ற படம், திருமணப் படம், சுனாமிக்குப்பின் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது எடுத்த மங்கலான படம், கடைசியாக ஆசுபத்திரிக் கட்டிலில் செபமாலையோடு இருந்த படம். பின்னணியில் தாயைப் பற்றிய ஒரு சினிமாப் பாடல் ஒலித்தது. வந்திருந்தோர் அழுதார்கள். வெளியே கதிரை அடுக்கிக்கொண்டிருந்த அயல்வீட்டு முஸ்லிம் பெரியவரும் சால்வையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

அந்தப் பாடலை அவன் சும்மா எடுக்கவில்லை. இணையக் கடையொன்றில், தன் வங்கி அட்டையால் பணம் செலுத்தி, முறையாக வாங்கினான். பின்னர் அதே படக்காட்சியைப் பென்ட்ரைவில் பதிந்து உறவினர் சிலருக்குக் கொடுத்தான். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள சகோதரர்களும் பார்க்கட்டும் என்று முகநூலிலும் ஏற்றினான். சில மணி நேரத்துள் அறிவித்தல் வந்துவிட்டது. இந்த ஒலி வேறொருவருக்கு உரியது, ஆகையால் ஒலி நீக்கப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். தாயின் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டு மட்டும் இல்லை.

அன்று மாலை என்னைத் தேடி வந்தான். முன்னொரு காலத்தில் என்னிடம் மறைக்கல்வி படித்தவன். ‘காசு குடுத்து வாங்கின பாட்டு சேர். இதுவும் களவா? பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?’ என்று கேட்டான். அவன் பகிடிக்குக் கேட்கவில்லை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு முதலில் தோன்றியது வேறொன்று. அன்று காலை முதல் அந்தப் பந்தலில் ஒலிபெருக்கிக்காரர் பத்திப் பாடல்கள் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பென்ட்ரைவில் நூற்றுக்கணக்கான பாடல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றையாவது யாரேனும் விலைகொடுத்து வாங்கியிருப்பார்களா என்பது ஐயமே. கைத்தொலைபேசி திருத்தும் கடைகளில் சிறிது பணம் கொடுத்தால் மெமரி அட்டை நிறையப் பாட்டு ஏற்றித் தருவதை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களில் ஒருவரும் என்னிடம் வந்து இது களவா என்று கேட்டதில்லை. அத்தனை பேருக்குள்ளும் பணம் கொடுத்தவன் ஒருவன்தான். அவனுடைய மனச்சாட்சிதான் உறுத்திற்று, அவனைத்தான் இயந்திரமும் பிடித்தது. இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மனச்சாட்சியின் வழியே இதுதான் போலும்: ஒரு படி ஏறியவனுக்கே அடுத்த படி கண்ணில் படுகிறது.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். அவன் வாங்கியது என்ன?

நம் பகுதியிலே போடியாரின் வயலைக் குத்தகைக்கு எடுப்பவர், அந்தப் போகத்துக்கு உழலாம், விதைக்கலாம், விளைந்ததை வெட்டிச் சூடுபோடலாம். பணம் கொடுத்துத்தான் எடுத்தார். அந்த உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. ஆனால் அதே வயலின் மண்ணை வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்க முடியுமா? ‘காசு கொடுத்துத்தானே எடுத்தேன்’ என்றால் ஊரார் சிரிப்பார்கள். கொடுத்த காசு எதற்கென்று இரு தரப்பாருக்கும் தெரியும். இணையக் கடையில் பாட்டு வாங்குவதும் இத்தகையதே. அப்பிள் நிறுவனம் 2003இல் தன் ஐடியூன்ஸ் பாட்டுக் கடையைத் திறந்தபோது, வாங்கிய பாட்டைக் கண்டபடி பிரதி செய்யாதபடி அதனுள்ளேயே ஒரு பூட்டும் வைத்திருந்தது. 2009இல் அந்தப் பூட்டு அகற்றப்பட்டது. பூட்டுப் போனாலும் ஒப்பந்தம் போகவில்லை: வாங்குபவர் தமது சொந்தப் பாவனைக்காக, வியாபார நோக்கமின்றிக் கேட்கலாம் என்பதே அதன் உள்ளடக்கம். பாட்டை வாங்கினோம் என்கிறோம். உண்மையில் நாம் வாங்கியது கேட்கும் அனுமதியைத்தான்.

அதிலும் ஒரு பாட்டுக்குள் ஒன்றல்ல, இரண்டு சொத்துக்கள் உள்ளன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்லும் மெட்டும் ஒன்று. அதை ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட குரலில் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் வாழும் காலமும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் முதலாவதற்குப் பாதுகாப்பளிக்கிறது. ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு. கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை எடுத்துக்கொள்வோம். அடிகள் 1947இல் மறைந்தார். எழுபதாண்டுக் கணக்கின்படி பார்த்தாலும் 2017ஆம் ஆண்டோடு அவர் பாக்களுக்குரிய காலம் முடிந்துவிட்டது. யாரும் அவற்றைப் பாடலாம், அச்சிடலாம். ஆனால் அடிகளாரின் பாவொன்றை இன்றைய பாடகர் ஒருவர் இசையமைத்துப் பாடி வெளியிட்டிருந்தால், அந்தக் குரலும் இசையும் அவருடையவை. பழைய கிணற்றில் நீர் பொதுவாக இருக்கலாம். ஒருவர் சுமந்துவந்த குடத்து நீர் அப்படியல்ல.

பாட்டைத் தனியே ஒலிக்கவிடுவது ஒரு செயல். அதை அசையும் படத்தோடு பொருத்தி ஒரு புதிய பொருளாக்குவது வேறொரு செயல். சினிமாக்காரரும் விளம்பரக்காரரும் இதற்கென்று தனியான அனுமதி பெறுகிறார்கள். மெட்டுக்கு உரியவரிடம் ஒன்று, ஒலிப்பதிவுக்கு உரியவரிடம் ஒன்று. நம்முடைய பையன் செய்த படக்காட்சியும் நுட்பமாகப் பார்த்தால் இவ்வகைதான். கேட்கும் அனுமதி வாங்கியவன், பொருத்தும் வேலையைச் செய்துவிட்டான்.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. ஆனால் அவன் கேட்டது சட்டத்தை அல்லவே. பாவமா என்றுதான் கேட்டான்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கற்பனையை விளக்கும் இடத்தில், பிறர் உடைமையை அவருடைய நியாயமான விருப்பத்துக்கு எதிராகக் கைக்கொள்வதே களவு என்ற பொருள்பட வரையறை செய்கிறது. அதில் ‘நியாயமான’ என்ற சொல் வீணுக்கு வைக்கப்பட்டதன்று. உடையவன் விரும்பவில்லை என்பது மாத்திரம் போதாது. அந்த விருப்பமின்மை நியாயத்தோடு பொருந்தவும் வேண்டும். பசியால் சாகக் கிடப்பவன் எடுத்த அப்பம் களவாகாது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் முதலாக நம் அறிஞர்கள் கூறியது இந்த நெறியின்பாற்பட்டதே. உடையவர் அருகில் இருந்து கேட்டிருந்தால் நிச்சயம் சம்மதித்திருப்பார் என்று நல்ல காரணத்தோடு நம்பக்கூடிய இடத்தில், அந்தச் சம்மதத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்பதும் பழைய ஒழுக்கநூல்களில் உள்ள நெறியே. அயல்வீட்டார் இல்லாத நேரம் அவர் வேலியில் நின்ற முருங்கையில் இரண்டு காய் பறித்துக்கொண்டு மாலையில் சொல்லிவிடுவோமே, அது போல.

ஆகவே இப்படிக் கேட்டுப் பார்ப்போம். தாயைப் பற்றி அந்தப் பாட்டை எழுதிய கவிஞரையும், மெட்டமைத்தவரையும், பாடியவரையும் அன்று அந்தப் பந்தலுக்கு அழைத்துவந்து, சீலையிலே ஓடும் படங்களையும் அழும் சனங்களையும் காட்டி, ‘உங்கள் பாட்டை இதற்குப் பயன்படுத்தலாமா?’ என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்வார்களா? சொல்லமாட்டார்கள் என்றே நம்புகிறேன். அப்படிச் சொன்னாலும் அது நியாயமான விருப்பமாக இராது. நமது சட்டமுங்கூட, ஒரு குடும்பத்தினதும் அதன் நெருங்கிய பழக்கத்தவர்களினதும் வழமையான வட்டத்துக்கு அப்பாற்பட்டோர் இருக்கக்கூடிய இடத்தில் ஒலிப்பதையே பகிரங்க நிகழ்ச்சி என்கிறது. உற்றார் உறவினரும் அயலவரும் கூடியிருந்த முற்றம் அந்த வட்டத்துக்குள்தான் அடங்கும் என்பது என் எண்ணம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், மெய்யான சமயச் சடங்கின்போது பாட்டை ஒலிக்கவிடுவதையும், திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களையும் குற்றமற்றவையாக ஒதுக்கிவைக்கிறது. கலியாண வீடுகளில் பணம் கேட்போருக்கு இதை நினைவூட்டி 2023இல் இந்திய அரசு ஓர் அறிவித்தலும் விட்டது.

பந்தலில் ஒலித்ததைப் பற்றி நீ கலங்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. ஆனால் பென்ட்ரைவும் முகநூலும் அவ்வளவு இலகுவானவை அல்ல.

இங்கே நம்மவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு நியாயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘மாட்டைக் களவெடுத்தால் உடையவனுக்கு மாடு இல்லை. பாட்டைப் பிரதி எடுத்தால் உடையவனிடம் பாட்டு அப்படியேதான் இருக்கிறது. யாருக்கு என்ன நட்டம்?’ பாஸ்கு இரவிலே ஒரு மெழுகுதிரியிலிருந்து ஆயிரம் திரிகளுக்குச் சுடர் பகிர்கிறோம், முதல் சுடர் குறைவதில்லை என்றும் ஒருவர் எனக்கு உவமை சொன்னார். அழகான உவமை. இதில் உண்மையும் உண்டு. உலகப் பொருட்கள் எல்லாம் எல்லோருக்கும் பயன்படவே படைக்கப்பட்டன என்பது திருச்சபையின் பழைய போதனை. தனியுடைமை அதற்கு உட்பட்டதே. ஆனால் சுடரைப் பகிர்ந்தபோது மெழுகு செய்தவனுக்குக் கூலி கொடுத்தாயிற்றா என்பதை அந்த உவமை கேட்கவில்லை. வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்று ஆண்டவர் தம் சீடர்களுக்குச் சொன்னதை லூக்காஸ் எழுதிவைத்தார். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்ற பழைய கட்டளையை இதே கருத்துக்குச் சின்னப்பர் எடுத்தாண்டார். சூடு மிதிக்க மாடு கட்டிய காலத்தைக் கண்ட நம் முதியோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் ‘ரேரும் நோவாரும்’ மடலிலே நீதியான கூலியைப் பற்றி எழுதியது ஆலைத் தொழிலாளரை மனத்தில் கொண்டுதான் என்றாலும், தபேலா வாசிப்பவனும் தொழிலாளியே.

அந்தக் கூலி உண்மையில் பாடுபட்டவனுக்குத்தான் போகிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், பல வேளைகளில் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் அளித்த தீர்ப்பொன்றின்படி, பணம் கொடுத்துப் பாட்டை ஆக்குவித்த படத் தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அதன் முதல் உரிமையாளர். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் எஞ்சியது கொஞ்சம். பாடியவருக்கு அந்நாளையச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. அந்தத் தீர்ப்பிலேயே நீதியரசர் கிருஷ்ணய்யர், பாடகரின் கலைக்குச் சட்டத்தில் இடமில்லாததைச் சுட்டித் தனியே ஒரு குறிப்பு எழுதினார். கவிஞரும் இசையமைப்பாளரும் தமக்குரிய பங்கை முழுவதும் எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி காப்பளிக்க 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் இசையமைப்பாளர் இளையராஜாவின் வழக்குகளையும் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில், அமெரிக்காவிலே கச்சேரிகள் செய்துகொண்டிருந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு, தமது பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று அவர் சட்ட அறிவித்தல் அனுப்பினார். நாற்பதாண்டு நட்பு, இருவரும் சேர்ந்து செய்த பாடல்கள். உலகத் தமிழரெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். எஸ்.பி.பி. செய்ததோ வேறு. சட்டம் அதுவானால் கீழ்ப்படிகிறேன் என்று சொல்லி, அப்பாடல்களை விடுத்து வேறு பாடல்களோடு பயணத்தைத் தொடர்ந்தார். யாரும் கடுஞ்சொல் பேசவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். 2019இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் ஏறினார்கள். 2020 செப்டெம்பரில் எஸ்.பி.பி. காலமானார். 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் 1991இல் வந்த ‘குணா’வின் பாடலைப் பயன்படுத்தியபோதும் இளையராஜா அறிவித்தல் அனுப்பினார், அந்தத் தயாரிப்பாளரோ இசை நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து உரிமை வாங்கியே பயன்படுத்தினோம் என்றார். ‘காசு கொடுத்துத்தானே வாங்கினோம்’ என்று சவளக்கடைப் பையன் சொன்னதைக் கோடிக்கணக்கில் வசூலித்த படக்காரரும் சொன்னார்கள் என்பதை எண்ணிச் சிரித்தேன். யாரிடம் வாங்குவது என்பதே தெளிவில்லாத ஒரு சந்தையில், சாதாரண மனிதன் என்ன செய்வான்?

முதலாளி தின்னும் பணம்தானே, நாம் கொடுக்காவிட்டால் என்ன என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டுவார்கள். அது தவறான முடிவு. ஒருவன் கூலியை இன்னொருவன் பிடித்துவைத்தான் என்பதால், மிச்சத்தை நானும் பிடித்துவைக்கலாம் என்றாகாது.

இவ்விடயத்தை ஒருநாள் மாலை கல்முனையில் எனக்குப் பழக்கமான மௌலவி ஒருவரோடும் பேசினேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். 1988 டிசம்பரில் குவைத்திலே கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, நூலாசிரியரின் உரிமை, கண்டுபிடித்தவரின் உரிமை, வியாபாரப் பெயர் ஆகியவை ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட்ட உரிமைகளே, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று முடிவு செய்ததாகச் சொன்னார். சினிமாப் பாட்டைக் கேட்பதே ஆகுமா ஆகாதா என்பது வேறு பிரச்சினை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ‘ஆனா சேர், ஹறாம்னு சொல்ற பாட்டையும் களவெடுத்துக் கேக்கிறது ரெண்டு குற்றமாப் போகுமே’ என்றார். எங்கள் இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே கடையில்தான் மெமரி அட்டை நிரப்புகிறார்கள் என்பதில் இருவரும் உடன்பட்டோம்.

இவ்வளவும் எழுதும் நான், கத்தோலிக்கராகிய நாம் இவ்விடயத்தில் கைசுத்தமானவர்கள் அல்லர் என்பதையும் எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும். ஐக்கிய அமெரிக்காவில், ஆங்கில வழிபாட்டுப் பாடல்களை வெளியிட்ட எப்.ஈ.எல். என்ற சிறு நிறுவனம், தன் பாடல்களைப் பங்குகள் பிரதி எடுத்துப் பாட்டுப் புத்தகம் செய்கின்றன என்று சிக்காகோ மறைமாவட்டத்தின்மேல் 1976இல் வழக்குத் தொடுத்தது. ஆண்டுக்கு 100 டொலர் கொடுத்தால் ஒரு பங்கு வேண்டிய மட்டும் பிரதி செய்துகொள்ளலாம் என்று முன்னரே அந்நிறுவனம் ஒரு திட்டம் வைத்திருந்தது. அதற்குள் இத்தனை வழக்கு. 1984இல் நடுவர் குழு முப்பது இலட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அடுத்த ஆண்டு மேல்நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டது என்றாலும், பிரதி செய்தது உரிமை மீறலே என்பது நின்றுவிட்டது. கவனிக்க: ஆலயத்திலே வழிபாட்டின்போது பக்திப் பாடலைப் பாடுவதை அந்த நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. பாடியதற்காக யாரும் வழக்காடவில்லை. பிரதி எடுத்ததற்காகத்தான் வழக்கு.

பாட்டைப் பூட்டிவைத்த குற்றமும் ஒரு காலத்தில் நம்முடையதே. உரோமை சிஸ்தீன் சிற்றாலயத்தில் பெரிய வாரத்தில் பாடப்பட்ட அல்லேகிரியின் ‘மிசரேரே’யை வெளியே எடுத்துச் செல்பவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுவர் என்ற பேச்சு அன்று நிலவியது. 1770இல் பதினான்கு வயது மோசார்ட் அங்கே அதைக் கேட்டுவிட்டு, அறைக்குத் திரும்பி நினைவிலிருந்தே எழுதிவிட்டான் என்று அவன் தந்தை வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு பாப்பரசர் 14ஆம் கிளமெந்து அந்தச் சிறுவனுக்குப் பட்டம் சூட்டினார் என்பது சுவையான செய்தி.

என் சொந்தக் கணக்கு இதைவிடச் சிறியது. ஆனால் என்னை இன்னும் விடவில்லை. எண்பதுகளில் நான் உதவியாக இருந்த ஒரு பங்கிலே, தவக்காலத்துக்காகப் பாட்டுப் புத்தகம் ஒன்றை ரோணியோ செய்தோம். ஸ்டென்சில் வெட்டியது நான்தான். கடதாசி விலை ஏறியிருந்த நேரம். இடம் மிச்சம் பிடிப்பதற்காக, பாடல்களின் கீழே இருந்த பெயர்களையெல்லாம் விட்டுவிட்டேன். இரண்டு பாடல்களில் வரிகள் பக்கத்துக்கு அடங்காதபடியால் ஒரு சரணத்தையும் வெட்டினேன். தமிழ்நாட்டு ஒலிநாடாக்களையும் இரட்டைத் தட்டு ரேடியோவில் வைத்து இருபது, முப்பது என்று பிரதி எடுத்து, வெற்று நாடாவின் விலைக்குக் கொடுத்தோம். ஆலயத்துக்காகத்தானே என்பதே எங்கள் எண்ணம். யாரும் இலாபம் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளின்பின் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு முதிய உபதேசியார் எங்கள் திருவிழாவுக்கு வந்திருந்தார். பூசை முடிந்தபின் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பக்கத்தில் நின்று, இதை யார் வெட்டினது தம்பி என்று கேட்டார். நான்தான் ஐயா என்றேன். ‘இந்தப் பாட்டு என் மகள் செத்த வருசம் எழுதினது. நீங்க எடுத்த சரணத்துலதான் அவள்ர பேர் இருந்திச்சு’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காசும் கேட்கவில்லை. புத்தகத்தை மூடி வாங்கின்மேல் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு எழுந்து போனார்.

நமது சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆக்கியோனுக்குப் பணவுரிமைக்கு வேறாக இன்னோர் உரிமையும் உண்டு என்கிறது: ஆக்கத்தில் தம் பெயர் விளங்கும் உரிமை, தம் மதிப்புக்குக் குந்தகமாக அதை வெட்டவும் திரிக்கவும் விடாதிருக்கும் உரிமை. அந்தப் பிரிவை நான் படித்தபோது, சட்டம் எழுதியவர்கள் அந்த உபதேசியாரைக் கண்டிருப்பார்களோ என்று நினைத்தேன். களவென்றால் காசு என்றே நாம் கணக்குப் பார்க்கிறோம். அன்று நான் எடுத்தது காசல்ல. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பிறரிடம் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாலன்றி மன்னிப்பு முழுமையடையாது என்று நம் ஒழுக்கநூல்கள் சொல்கின்றன. நான் அவரைத் தேடிப் போக எண்ணிய நாட்களில் போர் நிலைமையால் பாதைகள் மூடப்பட்டிருந்தன. பாதைகள் திறந்தபோது அவர் இல்லை.

எனவே பையனிடம் நான் சொன்னது இதுதான். பென்ட்ரைவில் கொடுத்தது உன் சகோதரருக்கும் மாமிமாருக்கும் என்றால் அதை ஊகித்த சம்மதத்துக்குள் அடக்கலாம். நான் அதைக் களவென்று சொல்லத் துணியமாட்டேன். மேலும் மேலும் கைமாறிப் போகாதபடி பார்த்துக்கொள். முகநூல் வேறு. அது முற்றமல்ல, சந்தி. அங்கே ஏற்றினால் உன் தாயை அறியாத ஆயிரம் பேர் பார்ப்பார்கள். அந்தப் பாட்டை இலவசமாகக் கேட்பார்கள். அந்த நிறுவனம் பக்கத்தில் விளம்பரம் போட்டுப் பணம் பண்ணும். அங்கே பாட்டின் சொந்தக்காரர் வேண்டாம் என்றால், அது நியாயமான விருப்பமே. அந்த இயந்திரத்துக்கு மரணவீட்டுக்கும் வியாபாரத்துக்கும் வேற்றுமை தெரியாது என்பது உண்மை. ஒலியின் சாயலை ஒத்துப் பார்ப்பது மாத்திரமே அதன் வேலை. அதனோடு கோபித்துப் பயனில்லை. சட்டத்துக்குத் தண்டம் கட்டினால் போதும், மனச்சாட்சிக்கு அதில் வேலையில்லை என்று வாதிட்ட பழைய இறையியலார் சிலரும் உண்டு. வரி, சுங்கம் முதலியவற்றுக்கு அவர்கள் அதைச் சொன்னார்கள். இன்னொருவனுடைய உழைப்பு இருக்கும் இடத்தில் அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து. பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா இல்லையா என்பதை உன் சுவாமியிடம் கேள். நான் குருவானவர் அல்ல. ஆனால் ஒன்று செய்: பென்ட்ரைவில் இருக்கும் படத்தின் முடிவில், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைப் போடு. சாப்பாடு சமைத்தவர்களுக்கும் புரஜெக்டர் தந்தவருக்கும் நன்றி போட்டிருக்கிறாய்; இவர்களுக்குப் போடவில்லையே.

அவன் தலையசைத்தான். முகநூலில் ஏற்றியதை எடுத்துவிட்டு, பெரியம்மாவைக் கொண்டு, வீட்டில் மாலைச் செபத்தின்பின் தாயார் வழக்கமாகப் பாடும் மாதா பாட்டைப் பாடுவித்துப் பதிவு செய்து, படங்களோடு சேர்க்கப் போவதாகச் சொன்னான். பெரியம்மாவுக்கு இழைப்பு, இடையிடையே மூச்சு வாங்கும். பரவாயில்லை என்றான். அந்தப் பாட்டை எழுதியவர் யார் என்று நான் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களில் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பி, ‘சேர், அப்ப படங்கள்?’ என்று கேட்டான். எனக்கு முதலில் விளங்கவில்லை. தாயாரின் திருமணப் படத்தைச் சொன்னான். 1979இல் கல்முனையில் ஒரு ஸ்ரூடியோக்காரர் வந்து எடுத்த படம். காட்சியில் அதுதான் அதிக நேரம் நின்றது. படத்தின் பின்புறத்திலே முத்திரை ஒன்று உண்டு, பாதி அழிந்துவிட்டது. அந்தக் கடை இப்போது இல்லை. எடுத்தவருடைய பிள்ளைகள் சாய்ந்தமருதுப் பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். கட்டாருக்குப் போகுமுன் ஒருநாள் போய் விசாரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.